ஏரித் தண்ணீரில் நிற்கிற தோலுக்கு எந்த ஸ்க்ரப்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் எழுதினால் நீளமாகத்தான் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வேலையை முடித்துவிட்டு சாவகாசமாகப் படியுங்கள்.

போன மாதத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி நாலைந்து பேரிடமிருந்து வந்துவிட்டது. "டீச்சர், பாடி ஸ்க்ரப் வாங்கணும், எது நல்லது?" கேட்டவர்களில் ஒருத்திக்குத் தை மாதம் கல்யாணம். ஒருத்தி பொன்னேரியில் கல்லூரிக்குப் போகிறாள். இன்னொருவன், ஆமாம், பையன்தான், படகுக்குப் போகிறவன். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே எழுதிவிட்டால் எல்லாருக்கும் ஆகும். நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். இங்கே எழுதுவதும் பெரும்பாலும் அந்த அறிவியல்தான். கூடவே என் கருத்தும் இருக்கும்.

கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பழவேற்காட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் ஸ்க்ரப் தேடுவதற்கு மூன்று காரணம் இருக்கிறது. ஒன்று நிறம். இரண்டு மீன் வாடை. மூன்று தோலின் சொரசொரப்பு. இந்த மூன்றில் ஸ்க்ரப்பால் ஆகிற காரியம் மூன்றாவது மட்டும்தான். முதல் இரண்டுக்காகத் தேய்ப்பவர்கள் காசையும் விடுகிறார்கள், தோலையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

நிறத்தில் ஆரம்பிப்போம். கரும்பலகையில் நான் வரைந்த தோலின் படம் ஞாபகம் இருக்கிறதா? மேல்தோலின் அடிப்பகுதியில்தான் மெலனின் என்ற நிறமியைச் செய்யும் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. கறுப்பாக இருப்பவருக்கும் சிவப்பாக இருப்பவருக்கும் அந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை செய்கிற மெலனினின் அளவும் வகையும்தான் வேறு. ஸ்க்ரப் தொடுவது மேலே இருக்கிற இறந்த செல்களை மட்டும். அவை நாம் தேய்க்காவிட்டாலும் தினம் உதிர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. சுமார் 4 வாரத்தில் மேல்தோல் தானாகவே புதிதாகிவிடுகிறது. வயதானால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகும். மொட்டைமாடியைக் கூட்டினால் கீழே அடுப்பில் கொதிக்கிற குழம்பின் நிறம் மாறுமா? அதுபோலத்தான்.

தேய்த்துக் குளித்த அன்றைக்குத் தோல் பளிச்சென்று தெரிகிறதே என்பீர்கள். உண்மைதான். மேலே படிந்திருந்த உப்பும் தூசியும் இறந்த செல்லும் போனதால் வெளிச்சம் கொஞ்சம் நன்றாகப் படுகிறது. அந்த ஒருநாள் பளபளப்பைத்தான் 'வெள்ளையாக்கும்' என்று விற்கிறார்கள். 1975இலிருந்து விற்றுவந்த ஃபேர் அண்ட் லவ்லி க்ரீமின் பெயரிலிருந்து 2020இல் 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' என்று வைத்தார்கள். கம்பெனிக்காரன் சொல்லை மாற்றிக்கொண்டான். நம் வீட்டுத் திண்ணைப் பேச்சு மாறவில்லை. பெண் பார்க்க வந்தவர் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "பொண்ணு லட்சணம்தான், கலர் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஒரு சொல்லுக்காக அந்தப் பெண் ஆறு மாதம் தன் தோலோடு சண்டை போடுகிறாள்.

அந்தச் சண்டையில் தோற்பது அவள்தான். ஏனென்றால் அழுத்தித் தேய்த்தால் தோல் வெளுக்காது, கறுக்கும். இதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். நைலான் நார், முரட்டுத் துண்டு, காய்ந்த பீர்க்கங்கூடு வைத்து மாதக்கணக்கில் பரபரவென்று தேய்ப்பவர்களுக்குக் கழுத்தெலும்பு, முதுகெலும்பு, முழங்கை, முழங்காலுக்குக் கீழே என்று எலும்பு துருத்திக்கொண்டிருக்கிற இடங்களில் சாம்பல் கலந்த கறுப்புப் படரும். உராய்வினால் வருகிற கருமை அது. நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிற ஒன்று. ஜப்பானில் 1980களிலேயே நைலான் துண்டால் தேய்த்தவர்களுக்கு இப்படி வந்ததை மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். தோலுக்கு அடிபட்டால் அது மெலனினைக் கூட்டிக்கொள்ளும். நம்மைப் போன்ற மாநிறத் தோலும் கறுத்த தோலும் இந்த வேலையில் இன்னும் சுறுசுறுப்பு. கறுப்பைப் போக்க ஒருத்தி தேய்க்கிறாள், இடம் கறுக்கிறது, 'இன்னும் அழுக்குப் போகவில்லை' என்று மறுபடி தேய்க்கிறாள். என்னிடம் படித்த ஒரு பெண் இப்படித்தான். கல்யாணத்துக்கு முன்னால் தினம் இரண்டு வேளை நைலான் நார் போட்டாள். மேடையில் நகைக்குக் கீழே கழுத்தெலும்பு இரண்டும் கரிக்கோடு போலத் தெரிந்தன. தோல் டாக்டர் சொன்ன வைத்தியத்தில் முதல் வரி, "நாரைத் தூக்கிப் போடுங்கள்" என்பதுதான். மங்குவதற்குப் பல மாதம் ஆனது.

மெலனின் ஒன்றும் அழுக்கு இல்லை பிள்ளைகளே. வெயிலில் இருக்கிற புறஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு உள்ளே இருக்கிற செல்லைக் காப்பாற்றுகிற குடை அது. நடு ஏரியில் நிழல் ஏது? காலை முதல் மதியம் வரை வலையோடு நிற்கிற அப்பாவுக்கும், இடுப்பளவு தண்ணீரில் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் தடவி இறால் பிடிக்கிற அம்மாவுக்கும் உடம்பு பிடித்துக்கொடுத்த குடையை நாம் நார் போட்டுத் தேய்க்கலாமா?

இரண்டாவது, மீன் வாடை. இதைப் பற்றிப் பேச நம் பிள்ளைகளுக்குக் கூச்சம். எனக்குக் கூச்சம் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டாள், ஹாஸ்டலில் தோழி முகம் சுளித்தாள் என்று என்னிடம் வந்து அழுத பிள்ளைகள் உண்டு. விடியற்காலையில் அம்மாவோடு இறால் உரித்துவிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள், குழாயடியில் கையை மணலாலும் செங்கல் தூளாலும் தேய்த்து ரத்தம் கசிய வகுப்பில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெரியவர்களானதும் மணலுக்குப் பதில் காபி ஸ்க்ரப். வேலை ஒன்றுதான், வாடையும் போகாது.

ஏன் போகாது? மீன் செத்ததும் அதன் சதையில் டிரைமெத்தில் அமீன் என்ற பொருள் உண்டாகிறது. அந்த மணம்தான் மீன் வாடை. அது காரத் தன்மை உள்ளது. காரத்தை எது அடக்கும்? அமிலம். வகுப்பில் லிட்மஸ் தாளை வைத்துக் காட்டினேனே, அதே பாடம். அமிலம் பட்டால் அந்தப் பொருள் ஆவியாகாத உப்பாக மாறித் தண்ணீரோடு போய்விடும். அதனால்தான் நம் வீட்டில் மீன் கழுவப் புளித்தண்ணீர் வைப்பது. கைக்கும் அதையே செய்யுங்கள். முதலில் பச்சைத் தண்ணீரில் செதிலும் வழவழப்பும் போகக் கழுவுங்கள். பிறகு புளிக்கரைசலோ புளித்த மோரோ போட்டு ஒரு நிமிடம் விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தடவுங்கள். கடைசியில் சோப்பு. தேய்க்கவே வேண்டாம். எலுமிச்சையும் வேலை செய்யும், ஆனால் அதில் ஓர் எச்சரிக்கை உண்டு, பின்னால் சொல்கிறேன். கையில் வெட்டோ கீறலோ இருந்தால் புளியும் எரியும், அன்றைக்கு வெறும் சோப்பு போதும். இன்னொன்றும் சொல்கிறேன். மீன் வாடை உழைப்பின் வாடை. அதற்கு மூக்கைப் பொத்துகிறவர்கள் வீட்டில் மத்தியானம் மீன் குழம்பு கொதிக்காமலா இருக்கிறது?

மூன்றாவது காரணத்துக்கு வருவோம். தோல் சொரசொரப்பு. இதற்கு ஸ்க்ரப் கொஞ்சம் உதவும். ஆனால் சொரசொரப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியும்.

சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி நம்முடையது. மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் வந்து உப்புக் குறையும். கோடையில் முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் கடலைவிட உப்பு ஏறுவதும் உண்டு. அந்தத் தண்ணீர் உடம்பில் காய்ந்தால் உப்புத் துகள் தோலில் ஒட்டிக்கொள்ளும், துணி உரச உரச அரிக்கும். வீட்டுக்கு வந்து குளிக்கிற தண்ணீரும் பல தெருக்களில் உப்புத்தண்ணீர்தான். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது ஊரறிந்த விஷயம். கடினநீரில் சோப்பு நுரைக்காது என்று படித்தோம். நுரைக்காத சோப்பு எங்கே போகிறது? வெள்ளைப் படிவாகத் தோலிலேயே தங்குகிறது. அதை அழுக்கென்று நினைத்து இன்னும் சோப்பு, இன்னும் தேய்ப்பு. நம் தோல் இயல்பில் லேசான அமிலத் தன்மை உள்ளது, பி.எச். 5ஐ ஒட்டி இருக்கும். சாதாரணக் கட்டி சோப்பு 9, 10. எண்ணெய்ப் பசை போய்த் தோல் வறண்டு வெடிக்கிறது.

ஆகவே ஸ்க்ரப் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இரண்டு. ஏரியிலிருந்து வந்ததும் உப்புப் போக ஊற்றிக் குளியுங்கள். கடைசி இரண்டு சொம்பாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். உடம்பு ஈரமாக இருக்கும்போதே, துவட்டிய மூன்று நாலு நிமிடத்துக்குள், தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவுங்கள். இதை 2 வாரம் செய்து பாருங்கள். பாதிப் பேருக்கு ஸ்க்ரப் தேவையே படாது என்பது என் கணக்கு.

அதன் பிறகும் வேண்டும் என்றால் உங்கள் தோல் எந்த வகை என்று பாருங்கள். முகத்தைக் கழுவி, ஒற்றித் துடைத்து, எதுவும் பூசாமல் 1 மணி நேரம் இருங்கள். நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் மினுமினுத்தால் எண்ணெய்ப் பசைத் தோல். இழுத்துப் பிடித்தாற்போல இருந்து செதில் தெரிந்தால் வறண்ட தோல். நெற்றியும் மூக்கும் மட்டும் மினுமினுத்தால் இரண்டும் கலந்தது. எதைப் பூசினாலும் சிவந்து எரிந்தால் மென்மையான, சட்டென்று கோபித்துக்கொள்கிற தோல். உடம்பிலும் இடத்துக்கு இடம் மாறும். முதுகும் நெஞ்சும் எண்ணெய்ப் பசை, முழங்காலுக்குக் கீழே வறட்சி என்பது பலருக்கும் சகஜம். அதனால் உடம்பு முழுக்க ஒரே ஸ்க்ரப் என்பதே பொருந்தாத பேச்சு.

எண்ணெய்ப் பசைத் தோலுக்கு நைசாக அரைத்துச் சலித்த பாசிப்பயறு மாவைத் தயிரிலோ தண்ணீரிலோ குழைத்து வாரம் 2 நாள் போதும். முதுகில் பருக்கள் இருந்தால் தேய்க்கவே கூடாது. பரு உடைந்து பரவும், வடு கறுக்கும். அவர்களுக்கு சாலிசிலிக் அமிலம் சேர்ந்த வாஷ் மருந்துக்கடையில் கிடைக்கும். அது தேய்க்காமலே துவாரத்து அடைப்பைக் கரைக்கும்.

வறண்ட தோலுக்கு 10 நாளைக்கு ஒருமுறை போதும். பொடித்த சர்க்கரையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவலாம். சர்க்கரை தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும், கீறாது. உப்பு ஸ்க்ரப் என்று பாட்டிலில் அடைத்து 300 ரூபாய்க்கு விற்கிறார்கள். பகலெல்லாம் உப்பில் ஊறிவந்த நமக்குக் காசு கொடுத்து இன்னும் உப்பா? அது நமக்கு வேண்டாம்.

கலப்புத் தோலுக்கு முதுகு, நெஞ்சுக்கு மட்டும் பயற்றமாவு, கை காலுக்கு எண்ணெய். மென்மையான தோலுக்குப் பழைய பருத்தி வேட்டித் துணியை நனைத்து மெல்லத் துடைத்தாலே போதும். வாசனை சேர்த்த எதுவும் வேண்டாம். எந்த வகையானாலும் புதுப் பொருளை முதலில் முழங்கையின் உட்புறம் ஒரு ரூபாய் நாணயம் அளவு தடவிக் கழுவி, 1 நாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அது உங்களுக்கு ஆகாது.

குதிகால், முழங்கை போன்ற தடித்த இடம் வேறு கணக்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, கால் தேய்க்கிற கல்லால் ஒரே திசையில் மெல்லத் தேய்த்து, ராத்திரி விளக்கெண்ணெயோ வாசலினோ பூசிப் படுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தக் கல்லையும் பிளேடையும் காலுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், கீறியது தெரியாது, புண் ஆறாது. என் வயதுக்காரர்களுக்கும் ஸ்க்ரப் வேண்டாம் தாயே. அறுபதுக்கு மேல் தோல் மெலிந்துவிடும், எண்ணெய் மட்டும் போதும். பிறந்த குழந்தையை 'நிறம் வரட்டும்' என்று மாவு போட்டு உருட்டித் தேய்க்கிற பாட்டிமார்களே, உங்களையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். அந்தத் தோல் நம் தோலைவிட மெல்லியது.

தேய்க்கிற முறையைச் சொல்கிறேன். உடம்பை முதலில் 5 நிமிடம் நனைய விடுங்கள். விரல் நுனியால், பச்சைக் குழந்தையைத் தடவுகிற அழுத்தத்தில், வட்டமாகத் தடவுங்கள். ஓர் இடத்துக்கு இருபது எண்ணுவதற்குள் நிறுத்திவிட வேண்டும். சிவந்தால் அதிகம் என்று அர்த்தம். கழுவி, ஒற்றித் துடைத்து, எண்ணெய். சவரம் செய்த அன்றும் முடி நீக்கிய அன்றும் வேண்டாம். வெயிலில் எரிந்த தோலுக்கும் வேண்டாம். பீர்க்கங்கூடு பிடித்தவர்கள் அதை நன்றாக ஊறவைத்து, லேசாகப் பயன்படுத்துங்கள். குளித்ததும் பிழிந்து வெயிலில் தொங்கவிடுங்கள். மாதம் ஒருமுறை மாற்றுங்கள். ஈரமாகவே மூலையில் கிடந்தால் கிருமிக்கு வீடு அது. ஒருவர் நாரை இன்னொருவர் தொடக் கூடாது.

நம் ஊருக்கென்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தேய், விடிந்ததும் ஏரிக்குப் போகிற நாளானால் தேய்க்காதே. தேய்த்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ என்ற வகைக் கிருமிகள் இயல்பாகவே வாழ்கின்றன. அவற்றில் ஒருசில, காயம் வழியாக உள்ளே போய்க் கடுமையான தொற்றை உண்டாக்கக்கூடியவை. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம். இறால் முள் குத்திய இடமோ, நண்டு கடித்த இடமோ, தேய்த்த இடமோ திடீரென்று சிவந்து வீங்கி, காய்ச்சலோடு வலி ஏறினால் மஞ்சளை அப்பிக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கிருமி பரவுவது மணிக்கணக்கில்.

"டீச்சர், இயற்கைப் பொருள் என்றால் கெடுதல் இல்லையே?" என்று கேட்பீர்கள். கெடுதல் உண்டு. எலுமிச்சையைத் தோலில் தேய்த்துவிட்டு வெயிலில் போனால், அதில் இருக்கிற ஒரு பொருள் புறஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைப் பொசுக்கும். கொப்புளம் வரும், பிறகு மாதக்கணக்கில் கறுப்புத் தழும்பு நிற்கும். எலுமிச்சையும் சர்க்கரையும் தேய்த்தால் வெள்ளையாகலாம் என்று யூடியூப்பில் பார்த்துவிட்டுக் கரைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். மீன் கைக்கு எலுமிச்சை போட்டாலும் சோப்பால் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். நலங்கு மாவும் அப்படித்தான். பாசிப்பயறு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ரோஜா இதழ் எல்லாம் நல்ல சேர்மானம். ஆனால் பலர் அதில் கார்போக அரிசியும் சேர்க்கிறார்கள். அதில் இருக்கிற சோராலென் என்ற பொருள் வெயில் பட்டால் தோலில் நிறமியைத் தூண்டுவது. அதனால்தான் அந்த விதையை வெண்புள்ளிக்கு மருந்தாக வைத்திருந்தார்கள். நிழலில் இருக்கிறவர் பூசிக் கழுவினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வெயிலில் வேலை செய்கிற நம் வீட்டு மாவில் அது தேவையில்லை, நீக்கிவிட்டு அரையுங்கள். வால்நட் ஓடு, பாதாம் ஓடு என்று பொடித்துப் போட்டவையும் 'இயற்கை'தான். கண்ணாடித் தூள் போலக் கூர்முனை இருந்தால் இயற்கை என்ன, செயற்கை என்ன?

"பாட்டி காலத்திலிருந்து தேய்க்கிறோமே" என்பது அடுத்த கேள்வி. பாட்டி எப்படித் தேய்த்தாள் என்று யோசியுங்கள். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி. முதலில் எண்ணெய், ஊறுவதற்கு நேரம், பிறகுதான் மாவு, அதுவும் எண்ணெயை எடுக்கத்தான். வறண்ட தோலில் தினமும் கரகரவென்று தேய்க்கச் சொன்னது பாட்டி இல்லை, விளம்பரம்.

தேய்க்கவே கூடாத, டாக்டரிடம் காட்ட வேண்டிய சில அடையாளங்கள் இருக்கின்றன. இந்தப் பதிவில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். வட்டமாகப் படர்ந்து ஓரம் சிவந்து அரித்தால் அது படர்தாமரை. தேய்த்தால் பரவும், துண்டு வழியாக வீட்டுக்கே பரவும். கடையில் கேட்டு வாங்குகிற ஸ்டீராய்டு கலந்த களிம்பு அதை இன்னும் பிடிவாதமாக்கும். கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கு இல்லை. பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளம். "கழுத்தைத் தேய்டி" என்று மகளைத் திட்டுகிற அம்மாக்கள், கல்லைக் கீழே போட்டுவிட்டு அவளுக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்யுங்கள். எடையும் சாப்பாடும் ஒழுங்கானால் அந்தக் கறுப்பு தானாகக் குறையும்.

வெளிறிய அல்லது சிவந்த தேமல் ஒன்றில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால், அது தொழுநோயின் ஆரம்பமாக இருக்கலாம். சாதாரணத் தேமல் ஒரு பூஞ்சை, பூச்சு மருந்தில் போகும். உணர்ச்சியற்ற தேமல் வேறு. நம் ஏரிக்கரையில் ஓர் அம்மா முதுகில் இருந்த அப்படிப்பட்ட தேமலை ஒரு வருடம் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். வலிக்கவில்லை என்பதால் இன்னும் அழுத்தினார். வலிக்காததுதான் நோய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டு மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும், சாப்பிட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குப் பரவாது. கூச்சத்தில் மறைத்தால் கைவிரல், கால்விரல் போகும். வலை பின்னுகிற கைக்கு விரல் முக்கியமில்லையா?

கடைசியாக ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை. சில ஸ்க்ரப்புகளில் கையில் உருள்கிற வண்ண வண்ண மணிகள் பிளாஸ்டிக். அமெரிக்கா 2015இல் இதற்குச் சட்டம் போட்டது, பிரிட்டன் 2018இல் தடை செய்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2017இல் இந்த மணிகளை அழகுசாதனத்துக்குப் பாதுகாப்பற்றவை என்று சொல்லிவிட்டது. ஆனாலும் பழைய சரக்கும் பெயரில்லாச் சரக்கும் சந்தையில் வரத்தான் செய்யும். டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் என்று இருந்தால் வாங்காதீர்கள். நம் குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது? தெருச் சாக்கடைக்கு, கால்வாய்க்கு, ஏரிக்கு. ஏரியில் இறாலும் மட்டியும் எதைத் தின்னும் என்று பார்த்துத் தின்பதில்லை. கரையும் சர்க்கரையும் மட்கும் மாவும் இருக்கும்போது நம் சோற்றுத் தட்டிலேயே நாம் பிளாஸ்டிக் தூவுவானேன்?

தை மாதக் கல்யாணப் பெண்ணுக்கு என் பதில் இதுதான் கண்ணு. வாரம் ஒருநாள் எண்ணெய்க் குளியல், சலித்த பயற்றமாவு, தினம் ஈர உடம்பில் எண்ணெய், வெயிலில் போனால் முழுக்கைச் சட்டையும் தலையில் துணியும். கல்லூரிப் பெண்ணே, முதுகில் பரு இருக்கிறது என்று சொன்னாய், தேய்க்காதே; குறையாவிட்டால் பொன்னேரி அரசு மருத்துவமனையில் காட்டு. படகுக்காரத் தம்பி, உனக்கு வேண்டியது ஸ்க்ரப் இல்லை, நல்ல தண்ணீர் இரண்டு சொம்பும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும்தான்.

மாமியார்களே, அத்தைமார்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். வீட்டுக்கு வருகிற பெண்ணிடம் என்ன படித்தாய், என்ன சமைப்பாய், என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். நிறத்தைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். நாம் அந்த ஒரு பேச்சை நிறுத்தினால், நம் ஊரில் பாதி நார் குப்பைக்குப் போய்விடும்.

எல்லாரும் நலமாக இருங்கள். சந்தேகம் இருந்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போன் பண்ணுங்கள். தோலில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் எனக்குப் போட்டோ அனுப்ப வேண்டாம், நேராக டாக்டரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்